“மேடை உதவி: நண்பர்கள்” என்ற அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலை நாடகப் போட்டிகள், வைகாசிச் சடங்கை ஒட்டிய கூத்துகள், பல்கலைக்கழக மாணவரின் ஆற்றுகைகள் என்று மட்டக்களப்பில் மேடைக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுப்பிரசுரமோ சிறு கைநூலோ அச்சாகிறது. அதன் கடைசிப் பக்கத்தில், அனுசரணையாளரின் விளம்பரத்துக்கு மேலே, “மேடை உதவி: நண்பர்கள்” என்று ஒரு வரி கிடக்கும். சிலவற்றில் “ஒலி, ஒளி மற்றும் ஏனைய உதவிகள்” என்றிருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றியே, மேடைப் பின்புறம் வேலை செய்யும் நாங்கள் எழுதும் இக்கடிதம்.

அந்த வரிக்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். பன்னிரண்டு பேர் நடிக்கும் ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேடை முகாமையாளர் ஒருவர். மேடையின் இரு பக்கமும் அவருக்கு உதவியாக ஒவ்வொருவர். ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், திரைக்கு ஒருவர், கைப்பொருட்களுக்கு ஒருவர். உடுப்புக்கு இரண்டு பேர், ஒப்பனைக்கு இரண்டு பேர், காட்சி மாற்ற நான்கு பேர். மொத்தம் பதினைந்து. நடிப்பவரை விட மூன்று பேர் கூட. பன்னிரண்டு பேருக்கும் பாத்திரப் பெயரோடு சொந்தப் பெயர் அச்சாகிறது. பதினைந்து பேருக்குச் சேர்த்து “நண்பர்கள்”.

வாய்ப்பேச்சில் இவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. லைற்காரப் பொடியன், மைக் தம்பி, சீலை இழுக்கிற ஆள், உடுப்பு அக்கா. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தம்பி, அக்கா என்று கூப்பிடுவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முன்பின் தெரியாதவரையும் “மனே (மகனே), இஞ்ச வா” என்று கூப்பிடுகிற மண் இது. அந்த உறவுச் சொல் போய்விட்டால் இரவு இரண்டு மணி வரை யாரும் நின்று தட்டி பிரிக்க மாட்டார்கள். கூப்பிடும் சொல் வேறு, பொறுப்பின் பெயர் வேறு. “தம்பி” என்ற சொல் பாசத்தைச் சொல்லும். எரிகிற வயரை நிறுத்தும் அதிகாரம் எந்தத் தம்பிக்கு இருக்கிறது என்று அது சொல்லாது.

நமது கூத்தில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. கூத்து ஆடும் வட்ட வெளியான வட்டக்களரிக்குப் ‘பின்புறம்’ என்ற ஒன்றே கிடையாது, சுற்றிவரச் சனம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார். தாளக்காரர், பிற்பாட்டுக்காரர், ஏடு பார்ப்பவர் எல்லாரும் அங்கேயே. ராசா வேடக்காரர் பாட்டில் ஓரடியைத் தவறவிட்டால் ஏடு பார்ப்பவர் எடுத்துக் கொடுப்பதை ஊரே பார்க்கும். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அவருக்கு ‘ஏட்டண்ணாவியார்’ என்ற மரியாதைப் பெயரும் இருந்தது. ஆடாத ஒருவருக்கு ‘ஆர்’ விகுதி போட்டுப் பேசிய அரங்கு அது.

உடுப்புக் கட்டும் இடம் மட்டும் களரியிலிருந்து தள்ளி, பக்கத்து வீட்டு விறாந்தையிலோ ஒரு கிடுகுக் கொட்டிலிலோ இருக்கும். ஆனாலும் கட்டியவர் யாரென்று ஊருக்குத் தெரியும். வடமோடி என்ற கூத்து வகையில், இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, மார்புப் பதக்கம், புயக்கட்டு, கிரீடம் எல்லாம் சேர்ந்து ஆடுபவரின் மேல் பெரும் பாரம். இடுப்புக் கட்டில் முடிச்சு ஒரு பக்கம் இளகினால் முதல் துள்ளலிலேயே கரப்பு சரியும். உடனே “ஆரு உடுப்புக் கட்டின?” என்று ஒரு பெரியவர் கேட்பார். பெயர் தெரிந்திருப்பதன் பயன் இதுதான். நல்லது நடந்தாலும் பிழை நடந்தாலும் போய்ச் சேர ஓர் ஆள் உண்டு.

வரவுக்கு, அதாவது வேடக்காரர் களரிக்குள் முதலில் வரும்போது, வெள்ளைத் துணி பிடிப்பவர்கள் இருவரையும் கவனித்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். வேடக்காரரைத் துணியால் மறைத்துக் களரிக்குள் கொண்டுவர வேண்டும். துணியின் மேல் விளிம்பு கிரீடத்தின் முனைக்கு மேலே ஒரு சாண் நிற்க வேண்டும். அதனால் இருவரும் கையை முழுதாக உயர்த்தியபடி பக்கவாட்டில் நடக்க வேண்டும். உயரம் ஒத்த இருவரைத் தெரிவுசெய்வது அதற்காகத்தான். மத்தளம் தீர்மானம் என்னும் முடிப்பை வைக்கும் அடியில் இருவரும் ஒரே பக்கமாக விலக வேண்டும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் துணி நடுவில் விறைத்துக் கிரீடத்தில் மாட்டும். ஒருவர் அரை அடி முந்தினால் ராசாவின் முகத்துக்கு முன் முழங்கை தெரியும். சில நொடி வேலைதான். ஆனால் மத்தளச் சொற்கட்டைக் காதால் பிடிக்கத் தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்துக்கு அதனால் வந்த மதிப்பை யாரும் மறுக்க முடியாது. இன்று கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கும் பிள்ளைகள் வரை அந்தத் தொடர்ச்சி நீள்கிறது. ஆனால் படச்சட்ட மேடையோடு சேர்ந்து ஒரு சுவரும் வந்தது. முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் என்று ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பின்னால் போனவர்களுக்குக் களரி கொடுத்த பெயர்கள் கூடவே போகவில்லை. இங்கேதான் பிசகு தொடங்கியது என்பது எங்கள் எண்ணம்.

பெயர் இல்லாத வேலை எப்படிப் பிழையாகிறது என்பதற்குத் திரையை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மண்டபங்களில் திரை பெரும்பாலும் கையால் இழுக்கும் கயிற்றுத் திரைதான். “ஆராவது ஒரு பொடியன் இழுப்பான்” என்று கடைசி நேரத்தில் ஒருவரை நிறுத்துவார்கள். அவர் ஒரேயடியாக இழுப்பார். திரை நடுவில் மோதித் துள்ளி ஒரு முழம் திறந்துகொள்ளும். பழகியவர் முதல் நாளே திரையை முழுதாக மூடிவிட்டு, தன் கை பிடித்திருக்கும் இடத்தில் கயிற்றில் சிவப்பு நாடா சுற்றிக்கொள்வார். முழுதாகத் திறந்த நிலைக்கு வெள்ளை நாடா. இருட்டில் கயிறு எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பதால் நாடாவுக்கு மேல் நூலால் ஒரு முடிச்சும் போடுவார். கை மாற்றிக் கை மாற்றி ஒரே சீராக இழுத்து, கடைசி இரண்டடியை மெதுவாக விடுவார். இழுக்குமுன் திரை ஓடும் கோட்டைப் பார்ப்பார். அந்தக் கோட்டில்தான் அறிவிப்பாளரின் மைக் ஸ்ராண்ட் நிற்கும். எத்தனை விழாவில் திரையின் மடிப்பு அந்த ஸ்ராண்டை அணைத்து இழுத்து விழுத்தி, சபையின் காதைப் பிளந்திருக்கிறது! மைக் வைத்தவர் திரையைப் பார்க்கவில்லை, திரை இழுத்தவர் மைக்கைப் பார்க்கவில்லை. இருவரையும் பார்க்க வேண்டிய ஒருவருக்குப் பதவி கொடுக்கப்படவில்லை.

அந்த ஒருவர்தான் மேடை முகாமையாளர். நம்மிடையே இந்தச் சொல் அச்சில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை. பல இடங்களில் நெறியாளரே பக்கத்தில் நின்று கையைக் காட்டுவார், அல்லது பொறுப்பாசிரியர் செய்வார். ஒத்திகை முடிந்து ஆற்றுகை தொடங்கியதும் மேடை முகாமையாளரிடம் மேடையை ஒப்படைத்துவிட்டு நெறியாளர் சபையில் போய் உட்கார வேண்டும் என்பது உலகத்து வழக்கம். அன்றிரவு எது எப்போது நடக்க வேண்டும் என்று சொல்லும் குரல் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டு குரல் சொன்னால் ஒளிக்காரர் எந்தக் குரலைக் கேட்பார்?

அவர் கையில் இருக்க வேண்டியது ஒரு பிரதி. நாடக எழுத்துரு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சாகி, எதிர்ப் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். ஒளி மாறும் சொல்லின் அடியில் கோடிட்டு அதை எதிர்ப் பக்கத்துக்கு இழுத்து, அங்கே இலக்கம் எழுத வேண்டும். பென்சிலால் மட்டும், ஒத்திகைக்கு ஒத்திகை இடம் மாறும். ஒளிக்கு இலக்கம், ஒலிக்கு எழுத்து என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது. ஆனால் தமிழில் ஒலிக்கு அ, ஆ, இ, ஈ என்று வைக்க வேண்டாம். தாழ்ந்த குரலில் ஹெட்போனில் சொல்லும்போது குறிலும் நெடிலும் ஒன்றாகவே கேட்கும். க, ச, ட, ம என்று வைத்தால் பிசகாது. இலக்கத்திலும் ‘ஏழு’, ‘எட்டு’ இரண்டையும் அழுத்திச் சொல்லிப் பழக வேண்டும்.

குறிப்பு, அதாவது ஒளியோ ஒலியோ மாற வேண்டிய இடம், வருமுன் “ஒளி பதினாலு, தயாராகுங்க” என்று சொல்ல வேண்டும். அரைப் பக்கம் முந்திச் சொன்னால் போதும். ஒளிக்காரர் “தயார்” என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அவர் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நேரம் வந்ததும் ஒரே ஒரு அசையில் ஏவற் சொல். மரியாதைச் சிக்கல் முளைப்பது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் ‘கோ’ என்பார்கள். அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. தமிழில் ‘போ’ என்று சொல்ல வேண்டும். பதினேழு வயது மாணவி ஒருத்தி மேடை முகாமையாளர், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிமர் மேசையில் அவளுடைய ஆசிரியர் வயதில் ஒருவர். எப்படிச் ‘போ’ என்பாள்? ‘போங்க’ என்பாள். அந்தக் ‘ங்க’ முடியுமுன் இருட்டு வர வேண்டிய கணம் கடந்துவிடும். ‘விடுங்க’ என்றாலும் அதே தாமதம். ‘இப்ப’ என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ‘இப்ப’ என்பது சாதாரணப் பேச்சிலும் வரும் சொல். “இப்ப வேணாம்” என்று சொல்லத் தொடங்கும்போதே ஒருவர் இருட்டாக்கி விடுவார்.

எங்கள் தீர்வு எளியது. ‘கோ’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம், அல்லது குழு சேர்ந்து ‘சரி’ போல ஒரு குறுஞ்சொல்லைத் தெரிவுசெய்யலாம். தெரிவுசெய்த பிறகு அந்தச் சொல்லை ஹெட்போனில் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. ‘சரி’யைத் தெரிவுசெய்தால் ஆமோதிப்பதற்கு ‘ஓம்’ என்று சொல்லிப் பழக வேண்டும். அதைவிட முக்கியமானது, முதல் ஒத்திகையிலேயே எல்லார் முன்னிலையிலும் “இன்றிலிருந்து மேடை முகாமையாளர் இவர், இவர் சொல்வது என் சொல்” என்று நெறியாளர் அறிவிப்பது. அந்த அறிவிப்பு இல்லாமல் ஒரு மாணவியை அந்த இடத்தில் நிறுத்துவது அவளுக்குச் செய்யும் அநியாயம். பொறுப்பைத் தலையில் வைத்துவிட்டு அதிகாரத்தைக் கையில் கொடுக்காத வேலை அது.

நேர அழைப்பும் அவருடையதே. பிரித்தானிய மேடைகளில் ஒரு முறை உண்டு. இரவு 7.00 மணிக்கு நாடகம் என்றால் ‘அரை மணி’ அழைப்பு 6.25க்கு வரும், ‘கால் மணி’ 6.40க்கு, ‘ஐந்து நிமிடம்’ 6.50க்கு. 6.55க்கு முதற்காட்சியில் வருபவர்கள் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். எல்லா அழைப்பும் ஐந்து நிமிடம் முந்தி வருவதன் காரணம் அதுதான். நடிகர்களின் கணக்கு ஏழு மணிக்கு முடிவதில்லை, 6.55க்கு முடிகிறது. அமெரிக்காவில் அழைப்பைக் கேட்டவர் “நன்றி, ஐந்து” என்று நேரத்தைத் திருப்பிச் சொல்வார். காதில் விழுந்தது என்பதற்கு அதுவே சான்று. நம்மூரில் பிரதம விருந்தினர் வரும் வரை தொடங்க முடியாது என்பது தெரிந்ததுதான். அதனால் மணியைக் கணக்காகக் கொள்ளாமல், விருந்தினர் மங்கல விளக்கேற்றும் கட்டத்தைக் கணக்காகக் கொண்டு, பேச்சு எத்தனை என்று நிகழ்ச்சிநிரலைப் பார்த்து அழைப்பு விடலாம். விடுவதற்கு ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பேச்சாளர் நன்றி சொல்லும்போதுதான் கட்டியகாரனுக்குச் சதங்கை கட்டத் தொடங்குவார்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரில்லாத பொறுப்பு உயிரோடு விளையாடும் இடம் இது. மேடைக்குப் பிடிக்கும் பழைய பார் (PAR) லைற் ஒன்று 1000 வோட். 230 வோல்ற்றில் அது 4.3 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 13 அம்பியர் புளக் ஒன்றில் மூன்று கொழுவினால் எல்லை தாண்டிவிடும். இரண்டோடு நிறுத்த வேண்டும். ஆறு விளக்குக்கு 26 அம்பியர். அதை மண்டபத்தின் ஒரே லைனில் ஏற்றி, அதே லைனில் ஒலிபெருக்கியையும் சபையின் காற்றாடிகளையும் ஓட விட்டால் பிரேக்கர் விழுவதில் வியப்பில்லை. பிரேக்கர் விழுந்தால் நல்லது. விழாமல் வயர் சூடாவதுதான் ஆபத்து. ரீலில் சுற்றிய எக்ஸ்ரென்சன் வயரை முழுதாக அவிழ்க்காமல் பாரம் ஏற்றினால் சுருளுக்குள் வெப்பம் போக வழியின்றிப் பிளாஸ்ரிக் உருகும். பழைய வட்ட முள் சொக்கற்றில் சதுர முள்ளுக்கு அடப்ரர் போட்டுத் தொங்க விடும் இடமும் அப்படித்தான், தளர்ந்த முள் சூடேறும். கடற்காற்றும் வாவிக்காற்றும் படும் நம்மூரில் பித்தளை முள் சீக்கிரமே பச்சை பிடிக்கும். கொழுவுமுன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் இரைச்சல் வருகிறது என்று எர்த் வயரை வெட்டிவிடும் கெட்ட பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. டிமரும் மிக்சரும் வேறு வேறு லைனில் இருந்தால் இரைச்சல் தானாகவே குறையும்.

எல்.ஈ.டி. விளக்குகள் வந்த பிறகு சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒன்று பெரும்பாலும் 200 வோட்டுக்குள். ஆனால் தலைக்கு மேலே தொங்குவது தொங்குவதுதான். கொக்கியை முறுக்கியது போதாது. விளக்கின் நுகத்தையும் குழாயையும் சேர்த்து ஒரு பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். ஏணியில் ஏறுபவரின் முறுக்குச் சாவி மணிக்கட்டில் நூலால் கட்டப்பட்டிருக்க வேண்டும். மேலிருந்து ஒன்று நழுவும்போது “கவனம்!” என்று கத்தினால் கீழே நிற்கும் எல்லாரும் முகத்தை உயர்த்தி மேலே பார்ப்பார்கள். எனவே ஏறுமுன்னரே கீழே ஆட்களை விலக்க வேண்டும்.

யார் விலக்குவது? “தம்பி ஒருக்கா தள்ளி நில்லுங்க” என்று லைற்காரப் பொடியன் கெஞ்சினால், மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் விழாக்குழுவினர் நகர மாட்டார்கள். “ஒளிப் பொறுப்பாளர் மேலே வேலை செய்கிறார், மேடையில் யாரும் நிற்கக் கூடாது” என்று மேடை முகாமையாளர் சொன்னால் நகர்வார்கள். பதவிப் பெயர் ஆடம்பரத்துக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. நாடகமும் அரங்கியலும் படித்த பல மாணவிகள் இன்று ஒளியும் ஒலியும் கையாள்கிறார்கள். ஆனால் ஏணியில் காலை வைத்ததும் “இறங்கு புள்ள, பொடியன் ஒருத்தன ஏத்துவம்” என்று ஒரு குரல் வரும். அக்கறையில் வரும் குரல்தான். ஆனால் ஏறும் பொடியனுக்கு எந்த விளக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாது. பிள்ளை கீழே நின்று “கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கீழ” என்று அரை மணி நேரம் கத்த வேண்டியிருக்கும். துண்டுப்பிரசுரத்தில் அவள் பெயர் “ஒளி விதானிப்பு” என்று அச்சாகி இருந்தால் அந்தக் குரலே எழாது.

விதானிப்பு என்றதும் இன்னொன்று. விதானிப்பவர் வேறு, இயக்குபவர் வேறு. எந்தக் காட்சியில் எந்த நிறம், எந்த முகத்தில் எந்தப் பக்கத்து ஒளி என்று தீர்மானிப்பவர் விதானிப்பாளர். அன்றிரவு மேசையில் இருந்து அறுபது குறிப்பையும் பிசகாமல் இயக்குபவர் ஒளி இயக்குநர். ஒருவரே இரண்டும் செய்தால் இரண்டையும் சொல்லலாம். ஆசிரியர் விதானித்து மாணவர் இயக்கிய நாடகத்தில் ஆசிரியரின் பெயரை மட்டும் போடுவது சரியாகாது. காட்சியமைப்பிலும் இதே வித்தியாசம் உண்டு. கோட்டை மதிலை வரைந்தவர் ஒருவர், சட்டம் அடித்தவர் ஒருவர், அதை இருட்டில் பதினைந்து நொடியில் நகர்த்தியவர்கள் நால்வர். நகர்த்துவதைச் சும்மா தூக்கும் வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். எந்த ஆசனத்தின் பின்கால் இரண்டும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் நாடாவால் குறி போட்டு, காட்சிக்கு ஒரு நிறம் வைத்து, முதலில் முழு வெளிச்சத்தில், பிறகு அரை வெளிச்சத்தில், பிறகு இருட்டில் என்று மூன்று தரம் ஒத்திகை பார்க்க வேண்டும். யார் எந்த வழியால் உள்ளே வந்து எந்த வழியால் வெளியே போவது என்பதும் முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும். இருவர் ஒரே வழியால் வந்தால் ஒருவருடைய விரல் நசியும்.

கைப்பொருள் மேசையும் அப்படித்தான். மேசைமேல் பழுப்புத் தாள் விரித்து, வாள், கடிதம், கிண்ணம் ஒவ்வொன்றையும் வைத்து அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்து பெயர் எழுதிவிட்டால், எது குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். கோடு வெறுமையாக இருந்தால் பொருள் எங்கோ போய்விட்டது. பொறுப்பாளர் தவிர வேறு யாரும் அந்த மேசையில் கை வைக்கக் கூடாது, தேத்தண்ணிக் கோப்பையும் வைக்கக் கூடாது.

ஒப்பனையில் ஒரு செய்தி மட்டும். பழைய நாளில் மஞ்சள் நிறத்துக்கு அரிதாரம் பூசுவார்கள். அரிதாரம் ஆசனிக் கலந்த கனிமம், விஷம். தோலுக்கு எது ஆகும், எது ஆகாது, எந்தப் பூச்சை யார் முகத்தில் போட்டது என்று பொறுப்புச் சொல்ல ஒப்பனைக்கும் பெயருள்ள ஒருவர் வேண்டும்.

பிற நாட்டு மேடைகளில் இந்த மரியாதை எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். ஜப்பானின் கபுகி அரங்கில் ‘குரோகோ’ என்பவர்கள் முகம் மூடிக் கறுப்பு உடுத்து மேடையிலேயே பொருட்களை எடுத்துக் கொடுப்பார்கள். கறுப்பு உடுத்தவர் கண்ணில் படவில்லை என்று சபை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதைவிடப் பழைய நோ அரங்கில் ‘கோக்கென்’ என்ற உதவியாளர் முகம் மூடாமல், மரியாதை உடையில், மேடையின் பின்பக்கம் அமர்ந்திருப்பார். முதன்மை நடிகரின் உடுப்பைச் சரிசெய்வதும் அவர், பொருளை நீட்டுவதும் அவர். முதன்மை நடிகர் நடுவில் இயலாமற் போனால் எழுந்து மீதியை ஆடி முடிக்க வேண்டியவரும் அவரே. அதனால் அந்த இடத்தில் அமர்பவர் தேர்ந்த நடிகராக இருப்பார். உதவியாளர் என்றால் தரத்தில் குறைந்தவர் என்ற கணக்கே அங்கு இல்லை. ஆங்கில நாடக உலகிலும் சண்டை இல்லாமல் இல்லை. பின்புறப் பணியாளரை ‘ரெக்கி’ (techie) என்று அழைப்பது செல்லப் பெயரா, மட்டந்தட்டும் பெயரா என்று அங்கு பலர் வழக்காடுகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும், தொழிலாக வைத்திருப்பவர்கள் தொழில்நுட்பவியலாளர் என்று சொல்லக் கேட்பதும் உண்டு. நம்முடைய ‘பொடியன்’ வழக்கும் அதே வழக்குத்தான்.

அதற்காகப் பெயரை ஊதிப் பெருப்பிக்கவும் வேண்டாம். மூன்று விளக்குப் பிடித்தவரைத் ‘தொழில்நுட்பப் பணிப்பாளர்’ என்று போடுவது மரியாதை ஆகாது. செய்த வேலையின் பெயரை அப்படியே போடுவதுதான் மரியாதை. திரை இழுத்தவருக்குத் ‘திரை’, வெள்ளை பிடித்தவருக்கு ‘வெள்ளை பிடித்தவர்’, உடுப்புக் கட்டியவருக்கு ‘உடுப்புக்கட்டு’. நல்ல தமிழ்ச் சொற்கள், ஊருக்குத் தெரிந்த சொற்கள். புதிதாக ஒன்றையும் ஆக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டையும் போக்குவரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பின்புறப் பணியாளர் நடிகருக்கு நான்கு மணி நேரம் முந்தி வந்து, இரண்டு மணி நேரம் பிந்திப் போவார்கள். பார்சல் கணக்கு எடுக்கும்போது நடிகர், விருந்தினர் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் இவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது ஆறிய சோறு. ஏற்றி இறக்கி முடித்து இரவு பதினொன்றரைக்கு மண்டபத்தை விட்டு வெளியே வருபவருக்குப் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகப் பஸ் ஏது? நடிகர் வானில் இரண்டு ஆசனம் இவர்களுக்கென்று முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

விழா ஏற்பாட்டாளர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவு ஒன்றும் இல்லை. துண்டுப்பிரசுரத்தில் நடிகர் பெயர் எந்த எழுத்தளவில் இருக்கிறதோ அதே அளவில் பின்புறப் பணியாளரின் பெயரும் பொறுப்பும் வர வேண்டும். பெயர்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர் மேடை முகாமையாளர். அச்சுக்குப் போகுமுன் அவர் ஒருமுறை பார்த்து எழுத்துப்பிழை திருத்த வேண்டும். கடைசி நேரத்தில் ஆள் மாறுவது பின்புறத்தில்தான் அதிகம். மேடையில் பொன்னாடைக்கு அழைக்கும்போது இவர்களைக் கூப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் இவர்கள் கையில் கயிறும் வயரும் இருக்கும். கைநூலில் பெயர் இருந்தால் போதும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாடக விமர்சனங்களில் “ஒளியமைப்பு மனதைக் கவர்ந்தது” என்ற வரி அடிக்கடி வருகிறது. அந்த வரியை எழுதுபவர் மண்டபத்தை விட்டுப் போகுமுன் பக்கவாட்டுக் கதவால் உள்ளே வந்து, யார் விதானித்தது, யார் இயக்கியது என்று கேட்டு இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டு போகட்டும். ஒளி பிழையாகியிருந்தாலும் அப்படியே கேட்டு எழுதட்டும். நாடகம் முடிந்து வெகுநேரம் வரை அவர்கள் அங்கேதான் நிற்பார்கள், வயர் சுற்றிக்கொண்டு.

இப்படிக்கு,
மேடைப் பின்புறப் பணியாளர் சிலர்,
மட்டக்களப்பு